முதுகிடம் சொன்னது

ஜூன் 11, புதன்

ஜாஸ்மின் சொன்னதால் எழுதுகிறேன். பாளையங்கோட்டையில் காது ஆஸ்பத்திரியில் எனக்கு மெஷின் பொருத்திவிட்ட பெண் அவள். "அம்மா, டெய்லி எவ்வளவு நேரம் போட்டீங்க, என்னென்ன கேட்டுச்சு, தோல் எப்படி இருக்கு, எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க" என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் காது போனவளுக்கு வாரப் பத்திரிகைதான் பேச்சுத் துணை. அதனால் எழுத்து மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

சிறு வயதிலிருந்தே எனக்கு இரண்டு காதிலும் சீழ். மகள் வடிவு பிறந்த பிறகு சுத்தமாகக் கேட்காமல் போயிற்று. காதுக்குள் செருகும் மெஷின் எனக்கு ஆகாது, சீழில் ஊறிக் கெட்டுவிடும். அதனால் சித்திரை மாதம் வலது காதுக்குப் பின்னால் எலும்பில் ஒரு காந்தத்தைப் பதித்து, மேலே தோலை மூடித் தைத்தார்கள். புண் ஆறிய பிறகு இன்று வெளியே வைக்கும் மெஷினைக் கொடுத்தார்கள். பாதி பிஸ்கட் அளவுதான் இருக்கிறது. கிட்டே கொண்டுபோனதும் டப்பென்று தலையில் ஒட்டிக்கொண்டது. சத்தம் எலும்பு வழியாக உள்ளே போகுமாம். காது செய்யாத வேலையை மண்டையாவது செய்யட்டும்.

முதலில் கேட்டது ஒரு இருமல். திரும்பிப் பார்த்தால் என் வீட்டுக்காரர். பெயர் குத்தாலிங்கம், சொல்லத்தான் கூடாது, எழுதலாம். "கேக்குதாளா?" என்றார். தகரத்தில் மணலைப் போட்டுத் தேய்த்த மாதிரி இருந்தது. கல்யாணமான புதிதில் கேட்ட குரல் இப்படி இல்லை என்று ஜாஸ்மினிடம் சொன்னேன். ஆரம்பத்தில் எல்லாச் சத்தமும் தகரம் மாதிரித்தான் இருக்கும், மூளை பழகப் பழகச் சரியாகும் என்றாள்.

இந்த வாரம் தினம் இரண்டு மணி நேரம்தான் போட வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். குளிக்கும்போதும் தூங்கும்போதும் கூடாது. ஈரம் ஆகாது. கழற்றிய பின் தோல் சிவந்திருந்து அந்தச் சிவப்பு சீக்கிரம் போகவில்லை என்றால், போடுவதை நிறுத்திவிட்டு வரச் சொன்னாள்.

ஜூன் 13, வெள்ளி

இரண்டு மணி நேரம். தோல் நன்றாக இருக்கிறது.

மிக்ஸி இவ்வளவு சத்தம் போடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. இத்தனை வருடம் பக்கத்து வீட்டுக்காரி எப்படிப் பொறுத்தாளோ. துணி எடுக்கக் குனிந்தபோது மெஷின் தலையை விட்டுத் தாவி பீரோக் கதவில் ஒட்டிக்கொண்டது. பிறகு பீடி இலை வெட்டுகிற கத்தரியைக் காதோரம் கொண்டுபோனேன், அதையும் பிடித்துக்கொண்டது. மெஷினில் ஒரு கயிறு கட்டி, ஊக்கு போட்டு ரவிக்கையோடு சேர்த்துவிட்டார் அவர். மெஷினை விட அந்தக் கயிற்றைத்தான் ஊர் வேடிக்கை பார்க்கும்.

பீடித் தூள் மெஷினின் சின்னத் துளைகளில் போய் அடைகிறது. அதனால் பீடி சுற்றும்போது போட வேண்டாம் என்றார், கையால் சைகை காட்டி.

ஜூன் 17, செவ்வாய்

சாரல் தொடங்கிவிட்டது. வீடெல்லாம் நசநசப்பு. மெஷினைக் கழற்றி வைப்பதற்கு ஒரு டப்பா கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் நீல மணிகள். ஈரத்தை உறிஞ்சினால் மணிகள் ரோஸ் நிறமாகிவிடும். அவர் அவற்றைச் சட்டியில் போட்டு இளஞ்சூட்டில் கடுகு வறுப்பதுபோல் வறுத்து மறுபடி நீலமாக்கினார். பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவர் அவர். விடியுமுன் போய் மத்தியானம் வருவார். வந்ததும் இந்த வேலைகளை அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

இன்று நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. சாயங்காலம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தேன். மெஷினைக் கழற்ற மறந்துவிட்டேன். அவர் எனக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தார். திடீரென்று பேச்சுக் குரல். யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவர் என்னிடம் பேசுகிறார்.

"இன்னைக்கு வெண்டக்காய் வந்து குவிஞ்சி கெடக்குளா. எடுக்க ஆளில்ல. ஆவுடையானூர்க்காரன் ஒருத்தன் மூட்டைய அப்பிடியே மாட்டுக்குக் கொட்டிட்டுப் போயிட்டான். கண்ணு கலங்கிட்டு அவனுக்கு. நான் பாக்காத மாரி இருந்துக்கிட்டேன்." கொஞ்ச நேரம் கழித்து, "இவ கொழம்புல உப்பு என்னைக்குச் சரியா இருந்துருக்கு" என்றார்.

உப்பா சரியில்லை என்று திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

எங்கள் வீட்டுப் பேச்சு எப்படி என்று ஜாஸ்மினுக்குத் தெரியாது. முகத்துக்கு நேராக நின்று கத்தினால்தான் எனக்குக் கொஞ்சம் புரியும், மிச்சம் உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொள்வேன். சந்தையில் கத்திவிட்டு வருகிற மனிதர் வீட்டிலும் எவ்வளவு கத்துவார்? சோறு, கதவு, வெந்நீர். எங்கள் தாம்பத்தியமே ஒற்றைச் சொல்லாகச் சுருங்கிப்போயிருந்தது. இந்த ஆளுக்குப் பேச்சே வராது என்று நான் மகளிடம் எத்தனையோ தடவை குறை சொல்லியிருக்கிறேன்.

பேசியிருக்கிறார். இத்தனை வருடமும் என் முதுகிடம் பேசியிருக்கிறார். முழு நாளையும் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இவர் சளைக்காமல் ஊதியிருக்கிறார்.

இன்று மெஷினைப் போட்டியா என்று கேட்டார். காலையில் கொஞ்ச நேரம் போட்டேன், இரைச்சலாக இருக்கிறது, கழற்றிவிட்டேன் என்றேன். பொய். மேல் முடியை இழுத்து மூடிக் கொண்டை போட்டால் மெஷின் வெளியே தெரிவதில்லை.

தெரிந்தால் இந்த மனிதர் வாயை மூடிக்கொள்வார். எனக்கு அவரைத் தெரியும்.

ஜூன் 28, சனி

இரண்டு மணி நேரம் என்று எழுதுகிறேன். ஜாஸ்மினுக்காக இன்னொரு நோட்டு போட்டுவிட்டேன், இது எனக்கு.

எழுந்ததிலிருந்து படுக்கும்வரை போட்டிருக்கிறேன். அவர் சந்தையிலிருந்து வரும் நேரத்துக்குள் சமையலை முடித்துவிட்டு முறத்தை மடியில் வைத்துச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறேன். கல்யாணமான புதிதில்கூட இப்படிக் காத்திருந்ததில்லை. வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. என்னை முகத்துக்கு நேரே "ஏளா" என்பவர், முதுகுக்குப் பின்னால் "ஒலகு" என்கிறார். உலகம்மாள் என்ற பெயரை இவ்வளவு சின்னதாக ஆக்கலாம் என்று எனக்குத் தெரியாது.

குரல் மட்டும் இன்னும் பழகவில்லை. மணல் மணலாகத்தான் வருகிறது. பேசி முடித்ததும் என் முறத்தில் கையை விட்டு ஒரு பீடி எடுத்துப் பற்றவைத்துக்கொண்டார். இருமினார்.

பேட்டரி ஏன் இவ்வளவு சீக்கிரம் தீர்கிறது என்று கேட்டார். அது அப்படிப்பட்ட ரகம் என்றேன். சின்ன பிரஷ்ஷை எடுத்து மெஷினில் படிந்திருந்த தூளைத் தட்டினார்.

ஜூலை 4, வெள்ளி

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். கொண்டைக்குள் வைப்பதால் மெஷின் நழுவுகிறது, இன்னும் பலமான காந்தம் வேண்டும் என்று கேட்டேன். ஜாஸ்மின் யோசித்தாள். "தோல் தாங்கணும்மா. காந்தத்துக்கு அடியில முடி இருக்கக் கூடாது, வகிடு எடுத்துப் போடுங்க, அப்ப நழுவாது" என்றாள். நான் விடவில்லை. ஒரு படி பலமானதைக் கொடுத்தாள். தினமும் கண்ணாடியில் தோலைப் பாருங்கள் என்றாள்.

மற்றபடி எல்லாம் தெளிவாகக் கேட்கிறதா என்றாள். தெளிவாகத்தான் கேட்கிறது. திருப்பூரிலிருந்து வடிவு போனில் பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரி குரலும் வெள்ளிக்கிண்ணம். வீட்டுக்காரர் குரல்தான் இன்னும் தகரம், அதை மட்டும் மெஷினில் கொஞ்சம் சரிசெய்ய முடியுமா என்று கேட்டேன்.

ஜாஸ்மின் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். "ஐயா, உங்க தொண்டை எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஏலம் போடுத தொண்டம்மா. இப்பிடித்தான் இருக்கும்."

"மாடியில தொண்டை டாக்டர் இருக்காங்க. வந்ததுக்கு ஒரு தடவை காட்டிட்டுப் போயிடுங்க."

அவர் சிரித்தார். பிறகு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். வெகுநேரம் ஆளைக் காணோம். டீக்குடிக்க மேற்குத் தொடர்ச்சி மலைக்கா போனிய என்று கேட்டேன். கடையில் கூட்டம் என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜூலை 8, செவ்வாய்

சந்தைக்கு லீவு போட்டுவிட்டுக் கமிஷன் கடைக்காரர் வேலையாகத் திருநெல்வேலி போகிறேன் என்று கிளம்பினார். வெள்ளை வேட்டி. கடைக்காரர் வேலைக்கு வெள்ளை வேட்டி எதற்கு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. காந்தம் வைத்த இடம் கொஞ்சம் சிவந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

ஜூலை 12, சனி

இன்று எழுத ஒன்றும் இல்லை. தேங்காய்த் துவையல். உப்பு சரியாக இருந்தது.

ஜூலை 13, ஞாயிறு

நேற்றைக்கு எழுத முடியவில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

துவையல் அரைக்க அம்மியடியில் உட்கார்ந்திருந்தேன். கரண்ட் இல்லை. அவர் அடுக்களை நிலையில் சாய்ந்து நின்றார். எனக்கு முதுகுப் பக்கம். மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சொன்னார்.

"தொண்டையில கட்டி இருக்குளா. குழா விட்டுப் பாத்துட்டு, சதைய வெட்டி டெஸ்டுக்கு அனுப்புனாவ. புத்துநோயாம். குரல்வளைய முழுசா எடுக்கணும்ங்காவ. இப்பவே எடுத்தா உயிருக்குப் பயமில்லயாம்." நிறுத்தினார். "எடுத்தா சத்தம் வராதாம். என்னைக்கும் வராதாம்."

நான் தேங்காயை அரைத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன செய்யட்டும் ஒலகு? நீ சொல்லு."

நான் அரைத்துக்கொண்டே இருந்தேன். துவையல் வெண்ணெயாக மசிந்துவிட்டது. அதற்குமேல் அரைக்க ஒன்றும் இல்லை. கல்லின் மேல் கல்லைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். திரும்பினால் அவருக்குத் தெரிந்துவிடும். இத்தனை நாள் திருட்டுத்தனமாகக் கேட்டதெல்லாம் தெரிந்துவிடும். வைத்தியத்தைப் பற்றி ஒரு பெண்டாட்டியிடம் முகம் பார்த்துச் சொல்வதுதானே முறை? சொல்வார். நாளைக்கோ நாளன்றைக்கோ எதிரில் உட்கார்ந்து, கத்தி, சைகை காட்டிச் சொல்வார். அப்போது நான் அழுவேன், சாமான்களைக் கட்டுவேன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவேன். அதுவரை பொறுக்கலாம்.

அப்படித்தான் நினைத்தேன். வேறு ஒன்றும் நினைக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

முகத்துக்கு நேரே இன்று அவர் சொன்னவை: வெந்நீர், பேட்டரி.

ஜூலை 18, வெள்ளி

பீடி முறத்தைப் பரணுக்கு அருகில் உயரமாக வைத்தேன். எலி வருகிறது என்று சொன்னேன். அவர் கையை நீட்டி எடுத்துக்கொண்டார். நான் சுற்றியதுதானே, இந்த வீட்டில் அவர் பீடிக்கு என்றைக்காவது கடைக்குப் போயிருக்கிறாரா.

சோற்றைக் குழைய வடிக்கிறேன். ஏன் என்று கேட்கவில்லை. சாப்பிட்டார்.

பின்னால் இருந்து இன்றும் கேட்டார். "என்னளா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்க." நூலை இழுத்துப் பீடியைக் கட்டினேன். நூல் அறுந்துவிட்டது.

ஜூலை 23, புதன்

அவர் பேச்சு குறைகிறது. இரண்டு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்குகிறது. ஆனாலும் பேசுகிறார். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்க்க வந்த கதையைச் சொன்னார். பெண்ணுக்குக் காதில் சீழ் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். அவருடைய அம்மா எழுந்துவிட்டாளாம். இவர்தான், காது கிடக்கட்டும், எனக்குப் பிடித்திருக்கிறது என்றாராம். இருபத்தாறு வருடத்தில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை. அவர் என் முதுகிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாரோ.

இந்தக் குரலை வெட்டி எறிவார்களா?

தோல் எரிகிறது. கழற்றினாலும் சிவப்பு போகவில்லை. இன்று போட்டால் என்ன, நாளைக்குக் கழற்றிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் சொல்லிக்கொள்கிறேன். மெஷினைக் கழற்றிய நேரத்தில் அவர் ஏதாவது சொல்லிவிட்டால்?

ஜூலை 27, ஞாயிறு

தலையணையில் ரத்தமும் நீரும். காந்தம் இருக்கும் இடத்தில் தோல் உரிந்துவிட்டது.

ஜூலை 28, திங்கள்

ஜாஸ்மின் திட்டினாள். முதல்முறையாக. "அம்மா, எத்தனை மணி நேரம் போட்டீங்க? உண்மையச் சொல்லுங்க." அவளுக்கான நோட்டைக் காட்டினேன். அதைத் திறக்காமலேயே மேசையில் வைத்துவிட்டாள். "இன்னும் கொஞ்சம் போயிருந்தா உள்ள இருக்கற காந்தம் வெளிய தெரிஞ்சிருக்கும். அப்புறம் அதை எடுக்கறதைத் தவிர வழியில்ல. புண் முழுசா ஆறுற வரைக்கும் இதைத் தொடக் கூடாது." அந்தப் பலமான காந்தத்தை வாங்கி மேசைக்குள் போட்டுக்கொண்டாள்.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். வீட்டுக்காரர் என் பக்கத்தில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். மாடிப்படியைத் தாண்டி வெளியே வரும்போது நான் மேலே பார்த்தேன். அவரும் பார்த்தார். இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஒன்றும் கேட்கவில்லை. முன்பும் இப்படித்தானே இருந்தேன், அப்போது இது பாரமாக இல்லை. இப்போது மூச்சு முட்டுகிறது.

ஆகஸ்ட் 9, சனி

பீரோக் கண்ணாடியில் பார்த்தேன். நான் பீடி சுற்றுகிறேன், அவர் பின்னால் உட்கார்ந்திருக்கிறார், முகம் வாசல் பக்கம். தாடை அசைந்துகொண்டே இருக்கிறது. என் தலையில் கட்டு இருக்கிறது, மெஷின் டப்பாவில் கிடக்கிறது, எனக்குக் கேட்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். இருந்தும் பேசுகிறார். உதடு தெரியும்படி முகம் திரும்பவே இல்லை. ஒரு தடவை கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில் அவர் கண்ணைத் துடைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கமிஷன் கடையில் வேறு ஒருவரை வைத்துக்கொண்டார்களாம். ஓய்வு என்று சைகை காட்டினார். கழுத்தில் பக்கவாட்டில் ஒரு நெல்லிக்காய் அளவு வீக்கம். துண்டைச் சுற்றிக்கொள்கிறார். சாரல் காற்று, நல்லதுதான் என்றேன்.

நான் என்ன மாதிரிப் பெண்பிள்ளை என்று எனக்கே தெரியவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

புண் ஆறிவிட்டது. ஜாஸ்மின் பலம் குறைந்த காந்தத்தோடு மெத்தென்ற ஒரு வில்லையும் ஒட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் மட்டும் என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். வகிடு எடுத்து, முடியை ஒதுக்கி, வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எல்லாம் போதும், இன்றைக்கு நானே அவர் தொண்டையைப் பற்றிக் கேட்டுவிடுவது என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.

அவர் நாற்காலியில் இருந்தார். மெஷினைப் பார்த்தார். சிரித்தார். வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மூச்சு உள்ளே போகும்போது விசில் மாதிரி ஒரு சத்தம்.

நான் கேட்கவில்லை. கஞ்சி காய்ச்சப் போனேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

அவருக்கு மூச்சு முட்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்தார். பாளையங்கோட்டை. வடிவு திருப்பூரிலிருந்து கிளம்பிவிட்டாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

தொண்டை டாக்டர் வார்டுக்கு வந்தார். வடிவும் நானும் கட்டிலருகில் நின்றோம். கட்டி கழுத்து ரத்தக்குழாயைச் சுற்றிவிட்டது, இனி எடுக்க முடியாது என்றார். நாளைக்குத் தொண்டையில் துளை போட்டு மூச்சுக்குக் குழாய் வைப்பார்கள். பிறகு கதிர் பாய்ச்சுகிற கரண்ட் வைத்தியம். அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று சொல்ல முடியாதாம்.

"ஜூலைலயே வந்து ஆப்பரேஷன் பண்ணச் சொன்னேனே" என்றார் டாக்டர். "அப்ப வந்திருந்தா முழுசா எடுத்திருக்கலாம். வீட்டுல சொல்லலையா நீங்க?"

கட்டிலில் இருந்தபடி என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

வடிவு என் பக்கம் திரும்பினாள். "அம்மா, ஒனக்குத் தெரியுமா?"

"எனக்குக் காது கேக்காதுல்லாளா" என்றேன். காதுக்குப் பின்னால் மெஷின் இருக்கும்போதே சொன்னேன். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

வடிவு அழ ஆரம்பித்தாள். "ஏம்ப்பா, அம்மாட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" அவர் மகளைப் பார்த்துக் கையை விரித்தார். சொல்லவில்லை, என் தப்பு என்பதுபோல் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மத்தியானம் வடிவு மருந்து வாங்கப் போனாள். நான் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தேன். அவர் விரலால் கூப்பிட்டார். குனிந்தேன். மெஷின் இருக்கும் பக்கமாக என் தலையைத் திருப்பி, வாயருகில் இழுத்துக்கொண்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"மெஷினத் தொடச்சது நாந்தானளா. பீடி சுத்தும்போது கழட்டி வச்சேன்னா அதுல தூள் எப்பிடி வரும்?"

கிண்ணத்தைக் கீழே வைத்தேன். "தெரியுமா ஒங்களுக்கு? மொதல்ல இருந்தே தெரியுமா?"

தலையை ஆட்டினார்.

"அப்ப ஏன் மொகத்தப் பாத்துக் கேக்கல?"

"மொகத்தப் பாத்துப் பேசிப் பழக்கமில்லல்லா." மூச்சு வாங்கினார். "நீ கேட்டுட்டுச் சும்மா இருந்த. பதில் சொல்லல. சரி, இவ யோசிச்சித்தான் இருக்கான்னு நெனச்சேன்."

"என்ன யோசன? நான் என்னத்த யோசிச்சேன்?"

அவர் வெகு நேரம் மூச்சுக்குக் காத்திருந்தார்.

"இத்தன வருசம் கழிச்சி ஒனக்குக் காது வந்துருக்கு. எங்கொரல் வேணும்னு நீ நெனைக்கன்னு... அதாம் வெட்டிக்கிட மனசு வரல."

பிறகு வடிவு வந்துவிட்டாள். கஞ்சி ஆறிடுச்சு, குடிங்க என்றேன்.

செப்டம்பர் 10, புதன்

குழாய் வைத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

உள்குழாயைக் கழற்றிக் கழுவி மாட்ட நர்ஸ் கற்றுக்கொடுத்தாள். வடிவால் பார்க்க முடியவில்லை, அதனால் நானே செய்கிறேன். மெஷினில் கேட்பது இப்போது அந்தக் குழாய் வழியாகப் போய்வரும் காற்றுதான். சளி அடைத்தால் சத்தம் மாறுகிறது. வார்டில் நர்ஸுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் பாராட்டினாள். எனக்குச் செத்துப்போகலாம் போல் இருந்தது.

வடிவிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் என்னிடம் பேசவில்லை. பேச வேண்டாம்.

இன்று சாயங்காலம் கட்டிலுக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு, அவர் முகத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். "சூலையில எங்கிட்டக் கேட்டியள்லா, என்ன செய்யட்டும்னு. எடுத்துருங்கன்னு சொல்லுதேன். குரல் போனாப் போகுது, நீங்க இருங்கன்னு சொல்லுதேன்." வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவேன், செவிடி இல்லையா.

அவர் உதட்டை அசைத்தார். விடு என்றார். எனக்கு உதடு படிக்கத் தெரியும்.

விட முடியவில்லை. காது வந்ததால் கெட்டேன் என்று மனதைத் தேற்றப் பார்க்கிறேன். அது பொய். அன்றைக்கு அம்மியை நிறுத்திவிட்டு, திரும்பி, ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அதற்குக் காது வேண்டியதில்லை. வாய் போதும். அது எனக்குப் பிறந்ததிலிருந்து நன்றாகத்தான் இருக்கிறது.